பாதி இறக்கிய ஷட்டர்

அவர்கள் இருவரையும் கண்டதும் ரொட்டிக் கடைக்காரர் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார்.

கடையை மூடுகிறவர் முழுசாக இறக்குவார், பூட்டுவார், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போவார். மதியம் ஒரு மணிக்குத் தெற்கே எந்த ஊரிலும் நடக்கிறதுதான். இவர் இடுப்பளவுக்கு இறக்கிவிட்டு அதற்குப் பின்னால் அப்படியே நின்றுகொண்டார். மாவு படிந்த கால்சட்டையும், முன்னால் கோத்து வைத்த இரண்டு கைகளும் மட்டும் வெளியே தெரிந்தன. தெருவில் சவ ஊர்வலம் போகும்போதுதான் கடைக்காரர்கள் அப்படி நிற்பார்கள். நுன்ஸியா திரும்பிப் பார்த்தாள். பின்னால் பாதிரியாரும் இல்லை, மலர்வளையமும் இல்லை, கறுப்பு வண்டியும் இல்லை. அவர்கள் ஏறி வந்த கல் பாதையும், அதன் அடியில் வெயிலில் நிறுத்தியிருந்த அவர்களுடைய காரும்தான் இருந்தன.

"யாரோ செத்துட்டாங்க போல," என்றாள்.

"செத்தவன் இந்த ஏத்தத்துல ஏற மாட்டான்," என்றார் சவீனோ, இடுப்பில் கையை ஊன்றி மூச்சு வாங்கியபடி. "நான் ஏறிட்டேன் பாரு. அப்ப நான் உசுரோடதான் இருக்கேன், எழுதி வச்சுக்க."

"வாயக் கழுவு. நல்ல நாளும் அதுவுமா."

சவீனோவுக்கு அறுபத்தாறு வயது. முப்பத்தெட்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பார்த்தவர். எந்தப் பெட்டியில் ஏறினாலும் மூன்றாவது நிமிஷம் அங்கே யாராவது சிரித்துக்கொண்டிருப்பார்கள். மார்ச் மாதம் அவருடைய நெஞ்சைத் திறந்து மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டுத் தைத்து அனுப்பினார்கள். அதிலிருந்து நுன்ஸியாவுக்குச் சரியான தூக்கம் கிடையாது. பக்கத்தில் படுத்து அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே கொஞ்சம் நேரமாகிவிட்டால் இவள் உயிர் தொண்டைக்கு வந்துவிடும். கொஞ்சம் காற்றாட வெளியே போய்வரட்டும் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னதுதான் தாமதம், மனுஷர் பிடித்த பிடியை விடவில்லை. சரி, ஒரே ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, மலையூர்கள் இரண்டு, நடுவில் ஒரு சாப்பாடு, இருட்டுவதற்கு முன்னால் ஃபோஜ்ஜாவில் வீடு என்று அவளும் ஒத்துக்கொண்டாள். கூட்டிக்கொண்டு வந்த ஆளை முழுசாக வீடு சேர்க்க வேண்டும். அன்றைக்கு அவளுக்கு இருந்தது அந்த ஒரு வேலைதான்.

காலையெல்லாம் குறையொன்றும் இல்லை. மே மாதத்துக் கோதுமை இன்னும் பச்சையாகவே நின்றது, ஓரமெல்லாம் சிவப்புப் பாப்பிப் பூ. வளைந்து வளைந்து ஏறிய சாலையில் ஜன்னலை இறக்கிவிட்டு சவீனோ ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஸ்டேஷன் பெயர் மாதிரி ஏதாவது கத்திக்கொண்டே வந்தார். முதல் ஊரில் கோட்டை மதிலைச் சுற்றி நடந்தார்கள், மாட்டுப் பால் சீஸ் ஒன்று வாங்கினார்கள். இரண்டாவது ஊரின் கோயிலுக்குள் குளிர்ச்சியில் கால் மணி நேரம் உட்கார்ந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது கன்னத்தில் பழைய நிறம் திரும்பியிருந்ததைப் பார்த்து நுன்ஸியா ரகசியமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதோடு திரும்பியிருக்கலாம். இறக்கத்தில் ஒரு பழுப்பு நிறக் கைகாட்டிப் பலகை நின்றது: ரோக்காவெர்னா, பழைய ஊர். "இத்தனை வருஷம் இந்தப் பக்கம் வந்திருக்கோம், இந்தப் பேரக் கேட்டதே இல்லையே," என்று சவீனோ வண்டியைத் திருப்பச் சொன்னார். அவளும் திருப்பினாள்.

கல் வீடுகளுக்கு நடுவே தெரு குறுகலாக மேலேறியது, இரண்டு பக்கமும் பச்சைப் பலகை ஜன்னல்கள் சாத்தியிருந்தன, வாசல்களில் இரட்டைக் கதவில் ஒன்று மட்டும் திறந்து மற்றது மூடியிருந்தது, எங்கேயோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தத்தைத் தவிர டிவி இல்லை, ரேடியோ இல்லை, தட்டு அலம்புகிற ஓசை இல்லை, ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. நுன்ஸியாவுக்கு மூக்குதான் முதலில் உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குத் தெருவில் தக்காளிக் குழம்பு கொதிக்கிற வாசனை வர வேண்டும். காலை ஏழு மணிக்கே அடுப்பில் ஏற்றிவிடுகிற குழம்பு, வாசனை மதிலைத் தாண்டும். இங்கே ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரே வாசனைதான் வந்தது. வேகவைத்த கோழி, செலரித் தண்டு, உப்பு. சீக்காளிக்கு வைக்கிற சூப்பு மாதிரி.

காபிக் கடை ஒன்று திறந்திருந்தது. உள்ளே சீட்டு விளையாடிக்கொண்டிருந்த இரண்டு கிழவர்கள் நுன்ஸியாவைக் கண்டதும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள், தொப்பியைக் கழற்றினார்கள். சுவரில் இருந்த டிவியின் மேல் ஒரு துண்டு போட்டிருந்தது. கடைக்காரரும் வயதானவர்தான், தொனாத்தோ என்று சட்டையில் தைத்திருந்தது. கேட்பதற்கு முன்னாலேயே அவர் ஒரு கோப்பை காபியைக் கொண்டுவந்து நுன்ஸியாவின் முன்னால் வைத்தார். ஒன்றுதான்.

"எனக்கு?" என்றார் சவீனோ.

தொனாத்தோ மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்த மாதிரியே இல்லை.

"பாத்தியா, டாக்டர் இங்கயும் சொல்லி அனுப்பிட்டாரு," என்று அவள் காதில் சிரித்தார் சவீனோ. பிறகு கிழவர்கள் பக்கம் திரும்பினார். "என்ன பெரியவரே, சீட்டுல யாரு ஜெயிக்கிறது? உங்களுக்கு என்ன வயசாகுது?"

கிழவர்கள் நுன்ஸியாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பார்வையில் தப்பாக ஒன்றும் இல்லை. அன்பாகத்தான் பார்த்தார்கள்.

"காது மந்தம் போல. நீ கேளு."

அவள் கேட்டாள். "நூத்தி நாலு, சிஞ்ஞோரா," என்றார் ஒருவர் உடனே. "இவன் என் தம்பி. நூத்தி ரெண்டு."

"அடேங்கப்பா! இந்த ஊர்க் காத்துல ஒரு வாரம் இருந்தா நானும் நூறத் தொட்டுருவேன் போலிருக்கே," என்றார் சவீனோ. யாரும் சிரிக்கவில்லை. ரயிலில் முப்பத்தெட்டு வருஷம் அப்படி ஒன்று நடந்ததில்லை.

நுன்ஸியா பர்ஸைத் திறந்தாள்.

"கட்டியாச்சு, சிஞ்ஞோரா," என்றார் தொனாத்தோ.

"யாரு கட்டினது?"

"எல்லாரும் சேந்துதான்."

எங்கள் பக்கத்தில் இது புதுசில்லை. பாதி தெரிந்த ஒருத்தர் மூலையில் நின்றபடி உங்கள் காபிக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார். ஏன், எதற்கு என்று துருவினால் அவமானம், வேண்டாம் என்றால் அதைவிடப் பெரிய அவமானம். ஃபோஜ்ஜாவில் பிறந்த எந்தப் பெண்ணும் செய்கிறதைத்தான் நுன்ஸியாவும் செய்தாள். "நன்றி," என்று சொல்லி ஒரே மடக்கில் குடித்தாள். காபி கடும் இனிப்பாக இருந்தது. அவள் சர்க்கரை போட்டுக் குடித்து இருபது வருஷம் ஆகிறது.

கிழவர்கள் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். தொனாத்தோ பெருமூச்சு விட்டார். ஏதோ பெரிய வேலை ஒன்று முடிந்த மாதிரி இருந்தது அவர் முகம்.

"கீழ ரொட்டிக் கடையில ஷட்டர் எறக்கியிருக்கே, யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டாள்.

"எங்க ஊர்ல சாவு விழுந்து ஒம்பது வருஷமாச்சு, சிஞ்ஞோரா."

வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. சவீனோவுக்குப் பசி. சந்து முனையில் இருந்த சாப்பாட்டுக் கடையின் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. துக்கத்தை முன்னிட்டுக் கடை விடுமுறை. ஒன்பது வருஷமாகச் சாவே இல்லாத ஊரில் யாருடைய துக்கம்? அவள் அதைக் கேட்க வாயெடுப்பதற்குள் எதிர் வீட்டிலிருந்து ஒரு அம்மாள் இறங்கி வந்தாள். கறுப்புக் கவுன், கறுப்பு ஸ்வெட்டர், இந்த வெயிலில். நுன்ஸியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நான் அஸ்ஸுந்தா. வாம்மா. மேசை போட்டாச்சு. நீ ஒன்னும் செய்ய வேணாம், சும்மா உக்காரு, போதும்."

வேண்டாங்க, நாங்கள் வெளியூர், காரில் சீஸ் இருக்கிறது, போகிற வழியில் சாப்பிட்டுக்கொள்கிறோம். சொல்ல நினைத்தது இவ்வளவும்.

"நன்றி," என்றாள் நுன்ஸியா.

தன் குரல் தனக்கே வேறு மாதிரி கேட்டது. பழக்க தோஷம் என்று நினைத்துக்கொண்டாள். அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி, முகத்துக்கு நேரே மறுக்க வராது. சவீனோ அதற்குள் சந்தோஷமாகப் படியேறிவிட்டார்.

உள்ளே நீளமான அறை. சுவரை ஒட்டி நாற்காலிகள், நாற்காலி தோறும் கறுப்பு உடுத்திய கிழவிகள், மடியில் கை வைத்தபடி. வெள்ளைத் துணி விரித்த மேசைக்குத் தலைமாட்டில் நுன்ஸியாவை உட்கார வைத்தார்கள். துடைப்புத் துணியில் முடிச்சுப் போட்ட பாத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அஸ்ஸுந்தா முடிச்சை அவிழ்த்தாள். சின்னச் சின்ன மணியாகப் பாஸ்தா போட்ட கோழி சூப்பு. வேகவைத்த கோழி. ரொட்டி. ஒரு பொட்டலம் காபித்தூள், ஒரு பொட்டலம் சர்க்கரை.

அப்பா செத்த அன்றைக்கு வந்த சாப்பாடு இது. இதே முடிச்சு, இதே சூப்பு, இதே பொட்டலங்கள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு பற்ற வைக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவருவார்கள். துக்கக்காரர்கள் பரிமாறக் கூடாது, எடுத்து வைக்கக் கூடாது, வேண்டாம் என்று சொல்லக் கூடாது. வாங்கிச் சாப்பிட வேண்டும், நன்றி சொல்ல வேண்டும். காலையில் முதல் காபியிலிருந்து அது தொடங்கும். அம்மா அன்றைக்கு அந்த முதல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள். குடித்துவிட்டால் ஆள் போனது நிஜமாகிவிடும் என்று சொன்னாள்.

மேசையில் எல்லாருக்கும் தட்டு இருந்தது. சவீனோவுக்கு மட்டும் இல்லை.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் தட்டிலேயே கரண்டியை விட்டார். எந்தக் கிழவியும் திரும்பவில்லை. அவர் இருந்த இடத்தின் வழியாக அஸ்ஸுந்தா கையை நீட்டி உப்பை எடுத்தாள். அவர் சாய்ந்துகொள்ளவில்லை என்றால் இடித்திருப்பாள்.

"சூப்பு பிரமாதம், ஆனா சனங்க சரியில்ல," என்று முணுமுணுத்தார். "என்னமோ உள்ளுக்குள்ள குளுருது நுன்ஸியா. ஜன்னல் தொறந்திருக்கா?"

அவள் அவர் கையைத் தொட்டாள். ஐஸாக இருந்தது. நகங்களின் அடி நீலம்.

எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. போகலாம், எழுந்திரு, இப்பவே. சொல்லவில்லை, அவர் தோளைப் பிடித்துத் தூக்கினாள். யாரும் தடுக்கவில்லை. கிழவிகள் எல்லாரும் மரியாதையாக எழுந்து நின்று வாசல் வரைக்கும் வரிசை கட்டினார்கள். ஒவ்வொருத்தியும் அவள் கையைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். காய்ந்த கன்னங்கள், கற்பூர உருண்டை வாசனை. தள்ளிவிட்டு ஓட வேண்டும் என்று அவள் உடம்பு முழுக்கத் துடித்தது. வாய் மட்டும் வேலை செய்தது. நன்றி. நன்றி. நன்றி. பதினாறு தடவை.

தெருவில் இப்போது ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு பேர், மூன்று பேர். நரைத்த தலைகள், வளைந்த முதுகுகள். ஒரு குழந்தை இல்லை. நாற்பது வயதுக்குக் குறைந்த முகம் ஒன்று இல்லை. நுன்ஸியா சவீனோவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு இறக்கத்தில் நடந்தாள். காருக்கு முந்நூறு அடி. இருநூற்றைம்பது.

காபிக் கடை வரைக்கும்தான் வந்தார்கள். அங்கே சுவரில் கறுப்புக் கரை போட்ட புது இரங்கல் தாள் ஒட்டியிருந்தது. பசை இன்னும் வழிந்துகொண்டிருந்தது. மேலே சிலுவை. கீழே பெரிய எழுத்தில்: சவீனோ பெத்ரில்லி. மனைவி நுன்ஸியா ஆறாத் துயரத்தோடு அறிவிக்கிறார். அடக்கம் இன்று மாலை நான்கு மணிக்கு.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்தில் யாரையும் புதைப்பதில்லை. இப்படி ஒரு நேரத்தில் அவளுக்கு அந்த நினைப்புதான் வந்தது. இது பொய், பார், கிழமையைக்கூடச் சரியாகப் போடத் தெரியவில்லை.

சவீனோ தாளை இரண்டு தடவை படித்தார்.

"அறுபத்தேழுன்னு போட்டிருக்கான்," என்றார் கடைசியில். "எனக்கு அறுபத்தாறுதானே? செத்தவன்னா இளக்காரமா?" சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

அவள் தாளைப் பிடித்துக் கிழித்தாள். அடியில் இன்னொன்று, அதே பெயர். கிழித்தாள். அடியில் இன்னொன்று. நகத்தில் பசை, விரலெல்லாம் பசை. பின்னால் யாரோ இரக்கத்தோடு உச்சுக்கொட்டினார்கள். "பாவம், தாங்க முடியல அவளால," என்று ஒரு குரல். போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. தொனாத்தோ வாசலில் நின்றார். அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். ஆம்புலன்ஸ். டாக்டர். யாரையாவது கூப்பிடு. இவர் உயிரோடு இருக்கிறார், கண் இருந்தால் பார். மூச்சை இழுத்து, முழுத் தொண்டையையும் திறந்து கத்தினாள்.

"நன்றி!"

தெரு முழுக்கக் கேட்டது.

தொனாத்தோ அவள் விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாக விடுவித்தார். "காபியக் குடிச்சீங்களே, சிஞ்ஞோரா," என்றார். குரலில் ஒரு துளி கோபம் இல்லை. "சாவ யாராவது ஒருத்தர் ஏத்துக்கத்தான் வேணும். எங்களுக்கும் வயசாகுது, இல்லயா?"

நாற்காலி ஒன்றைத் தெருவில் போட்டிருந்தார்கள். சவீனோ அதில் உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல். ஒரு கை நெஞ்சில், தையல் போட்ட இடத்தில். "ஒன்னுமில்ல," என்றார். "பயப்படாத. கொஞ்சம் படுத்தாத் தேவலாம். எங்கயாவது ஒரு கட்டில் கிடைக்குமான்னு கேளேன்."

அப்போதுதான் அது நடந்தது. வாசல்களில் நின்ற அத்தனை பேரும் முகத்தை நுன்ஸியாவிடமிருந்து எடுத்தார்கள். எல்லாக் கண்களும் சவீனோமேல் திரும்பின. வந்ததிலிருந்து முதல் தடவை.

"வாங்க சவீனோ அண்ணே," என்றார் தொனாத்தோ, குனிந்து, அவர் கையைப் பிடித்து. "வாங்க. படுக்க எடம் தயாரா இருக்கு."

"அப்பாடா," என்றார் சவீனோ. அவர் முகம் மலர்ந்தது. "ஒருத்தராவது வாயத் தொறந்தீங்களே. நான் என்னமோ ஏதோன்னு நெனச்சிட்டேன்."

மேலிருந்து நான்கு பேர் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நூறு வயது இருக்கும், மூச்சுகூட வாங்கவில்லை. தெருவின் நடுவே இரண்டு முக்காலிகள்மேல் வைத்தார்கள். வெள்ளைச் சாட்டின், சரிகை வைத்த தலையணை. சவீனோவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். பார்க்கவில்லையா அவர்? பெட்டி என்று தெரியவில்லையா? கண்ணில் சோர்வு மட்டும்தான் இருந்தது, மூன்று நாள் தூங்காத மனுஷனின் சோர்வு. ஒரு காலைத் தூக்கி வைத்தார்.

நுன்ஸியா ஓடினாள். ஓடத்தான் நினைத்தாள். அஸ்ஸுந்தா இடது கையைப் பிடித்திருந்தாள், இன்னொருத்தி வலது கையை. துக்கக்காரியைத் தாங்கிப் பிடிக்கிற பிடி. இறுக்கமே இல்லை. விடவும் இல்லை.

"பாத்து, பாத்து, நான் கனம்," என்றார் சவீனோ. படுத்தார். தலையைச் சரி செய்துகொண்டார். "தலகாணி நல்லா இருக்கு. அஞ்சே நிமிஷம். நீ எங்கயும் போயிடாத, நுன்ஸியா."

"நன்றி," என்றாள். அழுதாள். "நன்றி, நன்றி, நன்றி..."

"அழும்மா," என்றாள் அஸ்ஸுந்தா. "அழுதாத்தான் மனசு லேசாகும்."

மூடியை வைத்தார்கள். திருகாணி ஆறு.

மணி அடித்தது. பாதிரியார் வரவில்லை. பெட்டி முன்னால், அவள் பின்னால், அவளுக்குப் பின்னால் ஊர். இறக்கம். கல்லில் செருப்புகள் தேய்கிற ஓசை. கார் வந்தது. அவளுடைய கார், பின் சீட்டில் சீஸ் பொட்டலம். சாவி அவள் பையில். கைக்கு எட்டுகிற தூரம். கை எழவில்லை. கார் பின்னால் போய்விட்டது.

மூன்றாவது திருப்பத்தில் பெட்டிக்குள் தட்டுகிற சத்தம் கேட்டது. மெதுவாக. மரியாதையாக. பூட்டிய கழிவறைக் கதவைத் தட்டுகிற மாதிரி.

சுமந்தவர்கள் நடையை மாற்றவில்லை.

சைப்ரஸ் மரங்கள். இரும்புக் கதவு. சுவர். உயரமான வெள்ளைச் சுவர், அதில் வரிசை வரிசையாகக் கல்லறை அறைகள், பளிங்கு மூடிகள், பெயர்கள், பெயருக்குக் கீழே ஊர். ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. மிலானோ. நாப்போலி. பாரி. பெஸ்காரா. எல்லாரும் வெளியூர்க்காரர்கள்.

நடு வரிசையில் ஒன்று திறந்திருந்தது. இடுப்பளவு உயரத்தில். பெட்டியைத் தலைப்பக்கம் வெளியே இருக்கும்படி உள்ளே தள்ளினார்கள். தட்டுகிற சத்தம் பலமானது.

கொத்தனார் காத்திருந்தார். பக்கத்தில் செங்கல், குழைத்த சாந்து. நுன்ஸியாவைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். துக்கக்காரியின் உத்தரவு வேண்டும்.

வேண்டாம். வேண்டாம். கடவுளே, வேண்டாம்.

"நன்றி," என்றாள்.

முதல் கல். இரண்டாவது. கரண்டி சாந்தில் சரக்சரக்கென்றது. முதல் வரிசை முடிந்தது. உள்ளே இப்போது கையோடு குரலும். கொத்தனார் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு அடுத்த கல்லை எடுத்தார்.

"மொதல்ல எல்லாரும் தட்டுவாங்க, சிஞ்ஞோரா. ராத்திரிக்குள்ள அடங்கிரும்."

நான்காவது வரிசை. ஐந்தாவது. ஒரே ஒரு கல்லுக்கு இடம் இருந்தது. கொத்தனார் அந்தக் கல்லுக்குச் சாந்து பூசி, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"கடைசிக் கல்லு வீட்டுக்காரங்க கையாலதான்."

அவள் கை வாங்கியது. அவள் வாங்கவில்லை. கை வாங்கியது. அஸ்ஸுந்தா பிடியை விட்டாள். இனிப் பிடிக்கத் தேவையில்லை. நுன்ஸியா துவாரத்தின் முன்னால் நின்றாள். உள்ளே இருட்டு, இருட்டில் மரம், மரத்துக்குப் பின்னால் அவர். ஒரு முழம்கூட இல்லை. மூச்சு கேட்டது. இரண்டு மாதமாக ராத்திரி தோறும் கேட்ட மூச்சு.

"நுன்ஸியா?" பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிற குரல். "இருக்கியா? ஒரே இருட்டா இருக்குப்பா. அந்த லைட்டக் கொஞ்சம் போடேன்."

இருக்கிறேன். இங்கேதான் இருக்கிறேன். உன் பக்கத்தில். நாற்பது வருஷத்தில் அவரிடம் பேசாத அத்தனையும் தொண்டைக்கு வந்து முட்டியது. வாயைத் திறந்தாள்.

"நன்றி."

உள்ளே தட்டுவது நின்றது. அவர் காதைத் தீட்டிக் கேட்பது தெரிந்தது.

"நன்றியா?" என்றார் சவீனோ, ஒன்றும் புரியாமல். "எதுக்கு?"

அவள் கை கல்லைத் துவாரத்தில் வைத்து அழுத்தியது. சரியாகப் பொருந்தியது. கொத்தனார் பிதுங்கிய சாந்தைக் கரண்டியால் வழித்தெடுத்தார். உள்ளே சவீனோ மறுபடியும் தட்டத் தொடங்கினார், இந்தத் தடவை இரண்டு கையாலும். பின்னால் ஊரே வரிசையில் நின்றது. முதல் ஆள் தொப்பியைக் கழற்றிவிட்டு அவளிடம் கையை நீட்டினார்.